சிங்கப்பூரிலிருந்து ஊருக்கு: எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம், வீட்டுக்கு எப்போது?

சிங்கப்பூருக்கு வேலைக்கோ படிப்புக்கோ புதிதாக வந்தவர்கள், முதல் தடவை ஊருக்கு டிக்கெட் தேடும்போது கேட்பது "சென்னைக்கு எவ்வளவு நேரம்?" என்றுதான். தேக்காவில் (லிட்டில் இந்தியா) யாரைக் கேட்டாலும் "நாலு மணி நேரம்" என்பார்கள். பதில் சரிதான். ஆனால் அதை மட்டும் நம்பி, விமான நிலையத்துக்கு வண்டி அனுப்பும் மச்சானிடமோ திங்கட்கிழமை வேலைக்குக் கூப்பிடும் மேற்பார்வையாளரிடமோ "இத்தனை மணிக்கு வந்துவிடுவேன்" என்று சொல்லிவிடாதீர்கள். டிக்கெட்டில் இரண்டு ஊர்க் கடிகாரங்கள் கலந்திருக்கும், நள்ளிரவில் தேதி மாறும், சாங்கி விமான நிலையத்துக்குப் போய்ச் சேரவும் நேரம் பிடிக்கும். ஒவ்வொன்றாகப் பார்த்தால் கணக்கு எளிது.

முதலில் தூரம்

சாங்கியிலிருந்து நேர்கோட்டில் அளந்தால், சுமாராக:

சென்னை 2,920 கி.மீ.
திருச்சி 2,980 கி.மீ.
மதுரை 3,010 கி.மீ.
கோயம்புத்தூர் 3,160 கி.மீ.
கொழும்பு 2,750 கி.மீ.

இங்கே நேர்கோடு என்பது உருண்டையான பூமியின் மேல் இழுத்த மிகக் குறுகிய கோடு. சென்னைக்கான கோடு மலாக்கா நீரிணை வழியாக, சுமத்ராவின் வடகிழக்குக் கரையை ஒட்டிப் போய், பண்டா ஆச்சே பக்கம் வங்கக் கடலில் இறங்குகிறது. அதன் பிறகு சென்னைக் கரை வரை தண்ணீர்தான். திருச்சிக்கான கோடு கோடியக்கரைப் பக்கம் கரையேறும். மதுரைக்கானது இலங்கையின் வடக்கைக் கடந்து வரும். சன்னலோரம் உட்கார்ந்திருந்தால், பகல் நேர விமானத்தில் இவற்றில் சிலதைப் பார்க்கலாம்.

விமானம் இந்தக் கோட்டில் அப்படியே பறக்காது. குறிப்பிட்ட வான் தடங்களில்தான் போக வேண்டும், இடிமேகம் வந்தால் விலக வேண்டும், இறங்கும் ஓடுதளத்துக்கு ஏற்றபடி சுற்றி வர வேண்டும். அதனால் உண்மையில் பறக்கும் தூரம் கொஞ்சம் கூடவே இருக்கும். இருக்கைத் திரையில் தூரம் மைலில் வந்தால் 1.6ஆல் பெருக்குங்கள். கடல் மைல் என்றால் 1.85ஆல்.

ஒரு தலைமுறைக்கு முன்னால் இதே தூரம் கப்பல் கணக்கில்தான் பேசப்பட்டது. 1926இல் கட்டிய ரஜூலா கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு என்று தொட்டுத் தொட்டுச் சிங்கப்பூர் வந்து சேர ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அதில் வந்த பெரியவர்கள் இன்னும் சிலர் இங்கே இருக்கிறார்கள். "நாலு மணி நேரத்துக்கா இத்தனை புலம்பல்?" என்று அவர்கள் கேட்டால் கோபித்துக்கொள்ள முடியாது.

தூரத்தை நேரமாக்குவது

சென்னைக்கும் திருச்சிக்கும் போகும் நடுத்தர அளவு ஜெட் விமானங்கள், உயரத்துக்குப் போனபின் மணிக்கு 830 கி.மீ. அளவில் பறக்கும். ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு. தரையில் ஓடுதளம் வரை உருண்டு போகவும், இறங்கியபின் வாசலுக்கு வரவும் இன்னும் கொஞ்ச நேரம் போகும். இதையெல்லாம் சேர்த்து ஒரு சுருக்குவழி சொல்கிறேன்: தூரத்தை 800ஆல் வகுத்து, அரை மணி நேரம் கூட்டுங்கள்.

சென்னைக்குப் போட்டுப் பார்ப்போம். 2,920ஐ 800ஆல் வகுத்தால் 3.65, அதாவது 3 மணி 39 நிமிடம். அரை மணி கூட்டினால் 4 மணி 9 நிமிடம். டிக்கெட்டில் இருப்பதும் ஏறத்தாழ அதுதான். திருச்சிக்கு 4 மணி 14 நிமிடம், கோவைக்கு 4 மணி 27 நிமிடம் வரும். கோலாலம்பூர் மாதிரி 300 கி.மீ. பயணத்துக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் குறைத்துச் சொல்லும். அங்கே விமானம் ஏறி முடிக்கும் முன்பே இறங்க ஆரம்பித்துவிடுகிறது.

டிக்கெட்டில் போட்டிருக்கும் பயண நேரம் வாசலிலிருந்து வாசலுக்கு. விமானம் பின்னால் தள்ளப்படும் கணத்திலிருந்து, இறங்கி நிற்கும் கணம் வரை. வானத்தில் இருப்பது அதைவிடக் குறைவு. அதனால்தான் கால் மணி தாமதமாகக் கிளம்பிய விமானமும் சில சமயம் சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. நிறுவனங்கள் அட்டவணையிலேயே கொஞ்சம் இடைவெளி விட்டுத்தான் வைக்கின்றன.

காற்றையும் சொல்லிவிடுகிறேன். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவுக்கு மேலே, மிக உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்கு நோக்கிப் பலமான காற்று வீசும். அப்போது ஊருக்குப் போகும் விமானத்துக்கு முதுகில் தள்ளு கிடைக்கும், திரும்பி வருவது எதிர்க்காற்றில் சற்று இழுக்கும். வித்தியாசம் பத்துப் பதினைந்து நிமிடம் இருக்கலாம். மற்ற மாதங்களில் இந்தப் பாதையில் காற்று பெரிய விஷயமே இல்லை.

கடிகாரம்தான் குழப்பம்

சிங்கப்பூர் நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். இலங்கை இந்தியாவோடு ஒரே நேரம், மலேசியா சிங்கப்பூரோடு ஒரே நேரம். பழைய ஆட்கள் சிலர் "ரெண்டு மணி நேர வித்தியாசம்" என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அவர்கள் சொன்னது அவர்கள் காலத்தில் சரி. 1982 ஜனவரி 1ஆம் தேதி சிங்கப்பூர் தன் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளி வைத்தது. அதற்கு முன் வித்தியாசம் இரண்டு மணிதான்.

டிக்கெட்டில் கிளம்பும் நேரம் கிளம்பும் ஊரின் கடிகாரத்தில் இருக்கும், சேரும் நேரம் சேரும் ஊரின் கடிகாரத்தில் இருக்கும். அதனால் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால், போகும்போது ஏறத்தாழ ஒன்றே முக்கால் மணியும் வரும்போது ஏறத்தாழ ஆறே முக்கால் மணியும் வரும். பூமி சுற்றுவதால் மேற்கே போவது சீக்கிரம் என்று இதற்கு விளக்கம் சொல்பவர்களும் உண்டு. அதை நம்ப வேண்டாம். இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே நேரம்தான் பறக்கிறோம்.

கணக்கு இப்படிப் போடுங்கள். இங்கே நான் கொடுக்கும் நேரங்கள் உதாரணத்துக்குத்தான்.

போகும்போது: சாங்கியில் இரவு 7 மணிக்குக் கிளம்பும் திருச்சி விமானம், பயணம் 4 மணி 10 நிமிடம். கூட்டினால் சிங்கப்பூர் நேரம் 11.10. அதில் இரண்டரையைக் கழித்தால் திருச்சியில் இரவு 8.40.

வரும்போது: திருச்சியில் இரவு 10.30க்குக் கிளம்பினால், கூட்டினால் இந்திய நேரம் அதிகாலை 2.40. இரண்டரையைக் கூட்டினால் சாங்கியில் காலை 5.10. தேதி மாறிவிட்டது.

இரண்டரையைக் கழிக்கத் தடுமாறினால், மூன்றைக் கழித்து அரையைக் கூட்டுங்கள். சிங்கப்பூரில் பத்து மணி என்றால், ஏழு, அப்புறம் ஒரு அரை: ஏழரை. வீட்டுக்குத் தொலைபேசியில் பேசவும் இதே கணக்கு உதவும்.

நள்ளிரவைத் தாண்டும் டிக்கெட்

பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான், அதனால் நிதானமாகப் படியுங்கள். ஊரிலிருந்து சிங்கப்பூர் வரும் விமானங்கள் நிறைய இரவில் கிளம்புகின்றன. அவற்றில் சில நள்ளிரவு தாண்டிக் கிளம்பும். டிக்கெட்டில் "திங்கள் 00.30" என்று இருந்தால், அது ஞாயிற்றுக்கிழமை இரவு முடிந்து பிறக்கும் அரை மணி. நீங்கள் விமான நிலையத்தில் இருக்க வேண்டியது ஞாயிறு இரவு 9.30க்கு. திங்கள் இரவு பெட்டியோடு போய் நின்றால், விமானம் கிட்டத்தட்ட ஒரு நாளைக்கு முன்னாலேயே போயிருக்கும். ஊர் வழக்கில் விடிந்தால்தான் அடுத்த நாள். டிக்கெட்டுக்கு நள்ளிரவு 12 அடித்தாலே அடுத்த நாள்.

டிக்கெட் வாங்கியதும் வீட்டாருக்கு அனுப்பும் செய்தியில் தேதியை மட்டும் போடாதீர்கள். "ஞாயிறு இரவு சாப்பிட்டுவிட்டு ஏழு மணிக்கு வீட்டிலிருந்து கிளம்புகிறேன்" என்கிற மாதிரி எழுதுங்கள். சேரும் நேரத்துக்குப் பக்கத்தில் "+1" என்று சின்னதாக இருந்தால், சேருவது அடுத்த தேதியில். லீவு கணக்குப் போடும்போது அந்த +1தான் முக்கியம்.

எந்த விமான நிலையம்?

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், ஸ்கூட், இண்டிகோ, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் எனப் பல நிறுவனங்கள் சிங்கப்பூருக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையே பறக்கின்றன. எந்த ஊருக்கு எந்த நாளில் யார் என்பது மாறிக்கொண்டே இருக்கும். அட்டவணை வருடத்துக்கு இரண்டு முறை, மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும், புதிதாகும். போன தடவை இருந்த நேரம் இந்தத் தடவையும் இருக்கும் என்று நினைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தேர்வு செய்யும்போது வான் தூரத்தை மறந்துவிடுங்கள். சென்னைக்கும் திருச்சிக்கும் வானத்தில் வித்தியாசம் 60 கி.மீ., ஐந்து நிமிடம். தரையில் இறங்கியபின் பாருங்கள். தஞ்சாவூர்க்காரருக்குத் திருச்சி விமான நிலையத்திலிருந்து வீடு 60 கி.மீ.க்குள், ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம். சென்னையில் இறங்கினால் சுமார் 340 கி.மீ., இரவுப் பேருந்தில் விடிந்துவிடும். டிக்கெட் ஐம்பது வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) மலிவு என்று சென்னைக்கு வாங்கி, வாடகைக் காருக்கு அதைவிட அதிகமாகக் கொடுப்பவர்கள் உண்டு.

புதுக்கோட்டை, தஞ்சை, திருவாரூர், காரைக்குடிப் பக்கத்தார் திருச்சியை முதலில் பாருங்கள். ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் என்றால் மதுரை. ஈரோடு, திருப்பூர் என்றால் கோவை. விழுப்புரம், கடலூர், புதுச்சேரி என்றால் சென்னைதான். நாகர்கோவில்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, திருவனந்தபுரம் அவர்களுக்கு 70 கி.மீ. சொச்சம்தான். திருநெல்வேலி இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஊர். மதுரை, திருவனந்தபுரம் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து விலை எதில் குறைவோ அதை எடுக்கலாம்.

சென்னையில் இறங்கித் தெற்கே போகிறவர்களுக்கு ஒன்று: வெளியூர்ப் பேருந்துக்குக் கோயம்பேட்டை நோக்கிப் போகாதீர்கள். 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் நிலையம் திறந்தது முதல் தென்மாவட்டப் பேருந்துகள் அங்கிருந்துதான். விமான நிலையத்திலிருந்து அது தெற்கே, போகிற வழியில்தான். ரயில் என்றால் எதிரே இருக்கும் திரிசூலத்தில் புறநகர் ரயில் ஏறித் தாம்பரம் போய்விடுங்கள். தெற்கே போகும் விரைவு ரயில்கள் பல அங்கே நிற்கும், எழும்பூர் வரை பின்னால் போக வேண்டியதில்லை.

வீட்டிலிருந்து சாங்கி வரை

அனைத்துலக விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் போங்கள். பெட்டி போடும் முகப்பை பொதுவாகக் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள், அதற்குப்பின் கெஞ்சியும் பயனில்லை. சாங்கியின் 1, 2, 3ஆம் முனையங்களில் பாதுகாப்புச் சோதனை விமான வாசலில் நடக்கும். கடைகளைச் சுற்றிவிட்டுக் கடைசி நிமிடத்தில் வாசலுக்குப் போனால் அங்கே ஒரு வரிசை காத்திருக்கும். கையில் இருக்கும் தண்ணீர் பாட்டிலும் அங்கேதான் போகும். நான்காம் முனையம் தனியாக இருக்கிறது. மற்ற முனையங்களை இணைக்கும் குட்டி ரயில் அங்கே போகாது, இலவசப் பேருந்துதான். எந்த முனையம் என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள்.

மேற்குக் கோடியில் உள்ள துவாஸ் லிங்கிலிருந்து எம்ஆர்டி ரயிலில் வந்தால் தானா மேராவில் மாறி, ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள். லிட்டில் இந்தியாவிலிருந்து டௌன்டௌன் தடத்தில் நேராக எக்ஸ்போ வரை வந்து, அங்கே மாறினால் அடுத்த நிலையமே சாங்கி. உட்லண்ட்ஸ், ஈசூன் பக்கத்தாருக்கு 858ஆம் எண் பேருந்து உண்டு, மலிவு, ஆனால் சுற்றும். அதிகாலை விமானம் என்றால் ரயில் ஓடாது. டாக்சிக்கு நள்ளிரவு முதல் காலை 6 வரை பாதிக் கட்டணம் கூடுதல்.

சரி, இப்போது எல்லாவற்றையும் சேர்ப்போம். துவாஸ் தங்குவிடுதியிலிருந்து தஞ்சாவூர். இரவு 7 மணி விமானத்துக்கு 4 மணிக்குச் சாங்கியில் இருக்க, மதியம் 2.15க்குக் கிளம்புகிறீர்கள். திருச்சியில் 8.40க்கு இறக்கம். குடிநுழைவு, பெட்டி, சுங்கம் முடிந்து வெளியே வர 9.40. வீட்டு வாசலில் 11.15 என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது சிங்கப்பூரில் அதிகாலை 1.45. நாலு மணி நேரப் பயணம் பதினொன்றரை மணி நேரம் பிடித்திருக்கிறது. வண்டிக்காரரை 8.40க்கு வரச் சொல்லாதீர்கள், 9.30க்கு வரச் சொல்லுங்கள். காத்திருப்புக் காசாவது மிஞ்சும்.

வழியில் மாறிப் போனால்

கோலாலம்பூர் அல்லது கொழும்பு வழியாக மலிவாகக் கிடைக்கும். இரண்டு பயணமும் ஒரே டிக்கெட்டில் இருந்தால் பெட்டி தானாகப் போகும், முதல் விமானம் தாமதமானால் அடுத்ததில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனியாக வாங்கினால் இடையில் நாட்டுக்குள் நுழைந்து, பெட்டியை எடுத்து, மறுபடி போட வேண்டும். தாமதமானால் இரண்டாவது டிக்கெட் போனதுதான். நடுவில் ஐந்து மணி நேரமாவது இல்லாமல் அப்படி வாங்காதீர்கள்.

துக்கச் செய்தி வந்தால்

யாரும் முன்கூட்டியே யோசிக்க விரும்பாத விஷயம். ஆனால் வெளிநாட்டில் இருக்கும் எல்லோருக்கும் என்றாவது வரும், அன்றைக்கு மூளை கணக்குப் போடாது.

மதியம் 12 மணிக்கு அழைப்பு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஊரில் அப்போது காலை 9.30. அங்கே கேட்கும் முதல் கேள்வி "எத்தனை மணிக்கு எடுப்பது? நீ வந்துவிடுவாயா?" அவசரத்தில் "வந்துவிடுவேன்" என்று சொல்லிவிடாதீர்கள். பத்து நிமிடம் கேளுங்கள். அன்றைய இரவு விமானங்களைத் திருச்சி, சென்னை, மதுரை, கோவை நான்குக்கும் தேடுங்கள். சொந்த ஊருக்குப் பக்கத்து நிலையத்துக்கு அன்று விமானம் இல்லாவிட்டால் சென்னைக்குப் போய்ச் சாலை வழியாகப் போவது சீக்கிரமாக இருக்கலாம். பிறகு மேலே போட்ட கணக்கைப் போட்டு, இறங்கும் நேரத்தை விட்டுவிட்டு, வாசலில் கால் வைக்கும் நேரத்தைச் சொல்லுங்கள். மேலே சொன்ன 7 மணி விமானம் கிடைத்தால், அன்று மாலைக்குள் தஞ்சாவூர் போக முடியாது, நள்ளிரவுக்கு முன் போகலாம். அது தெரிந்தால், குளிர்பெட்டி வைத்து மறுநாள் காலை எடுப்பதா, மாலையே எடுப்பதா என்று பெரியவர்கள் முடிவெடுப்பார்கள். தவறான நேரம் சொல்லி ஊரையே காக்க வைப்பதும், அவர்கள் காக்க முடியாமல் எடுத்துவிடுவதும் பிறகு வருடக்கணக்கில் பேசப்படும்.

இதற்காகச் சில ஏற்பாடுகள் எப்போதும் இருக்கட்டும். பாஸ்போர்ட் உங்கள் கையில் இருக்க வேண்டும், முதலாளி வாங்கி வைத்துக்கொள்வதற்கு இங்கே சட்டம் இடம் தருவதில்லை. அதில் ஆறு மாதமாவது செல்லுபடி இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். கடைசி நேர டிக்கெட் வழக்கமான விலையைவிட இரண்டு மூன்று மடங்கு ஆகலாம், அந்த அளவு பணத்தைத் தொடாமல் வைத்திருங்கள். பெரிய பெட்டி வேண்டாம். கைப்பையோடு போனால் இறங்கியபின் அரை மணி மிச்சம்.

திரும்பி வரும் இரவு

ஊரிலிருந்து வரும் இரவு விமானத்தில் தூங்கலாம் என்று நினைப்பீர்கள். ஏறி, உணவு கொடுத்து, விளக்கை அணைத்து, மறுபடி விளக்கைப் போட்டால் இடையில் மிஞ்சுவது இரண்டரை மணி நேரத் தூக்கம். கடிகாரம் வேறு இரண்டரை மணியைத் தின்றுவிடும். காலை 5.10க்கு இறங்கி, 6 மணிக்கு வெளியே வந்து, எம்ஆர்டியில் 7.45க்குத் துவாஸ் போய் 8 மணி வேலைக்கு நிற்கலாம்தான். அலுவலக நாற்காலி வேலையென்றால் சமாளிக்கலாம். சாரத்தில் ஏறுபவரும் இயந்திரம் ஓட்டுபவரும் அப்படிச் செய்யவே கூடாது. லீவு கேட்கும்போதே திரும்பும் நாளையும் சேர்த்துக் கேளுங்கள், அல்லது சனிக்கிழமை இரவே கிளம்பி ஞாயிறு தூங்குங்கள்.

விமானம் ஏறும் முன் சிங்கப்பூர் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். வந்திறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள், குடிநுழைவு ஆணையத்தின் இணையத்தளத்திலோ மைஐசிஏ செயலியிலோ செய்யலாம். இலவசம். காசு கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் மூடிவிடுங்கள். சேரும் தேதி கேட்கும் இடத்தில், கிளம்பும் தேதியைப் போட்டுவிடாமல் அந்த +1ஐச் சேர்த்துப் போடுங்கள்.